குழூஉக்குறியும் நம் கூச்சமும்

நன்னூல் செய்த பவணந்தியார் ஒரு சமண முனிவர். 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சீயகங்கன் என்னும் கங்க மரபுச் சிற்றரசன் கேட்டுக்கொண்டதற்கு இணங்கி அவர் இந்நூலைச் செய்தார் என்பது பாயிரம் தரும் செய்தி. வந்தவாசிப் பக்கத்துச் சமணக் குடும்பத்தில், பொன்னூர் மலையைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவன் நான். எங்கள் வீட்டில் நன்னூல் பாடப் புத்தகமாக அல்ல, பூசை அறைப் புத்தகமாகவே இருந்தது. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுப் பாத்திர வியாபாரத்துக்கு வந்தவனுக்கு, இத்தனை வருஷமும் கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் துணையாக இருந்ததும் அதே புத்தகம்தான். புலவர் பட்டம் எனக்கில்லை. ஆகவே பிழை காணும் பெரியோர் பொறுத்தருள வேண்டும்.

இக்கட்டுரையில் நான் எடுத்துக்கொண்டது நன்னூலில் வரும் ஒரே ஒரு சொல். அது குழூஉக்குறி.

இலக்கணம் வைத்த இடம்

சொல்லதிகாரத்துப் பெயரியலில் பவணந்தியார் வழக்கை இரண்டாகப் பகுக்கிறார். ஒன்று இயல்பு வழக்கு. மற்றது தகுதி வழக்கு. இலக்கணமுடையது, இலக்கணப்போலி, மரூஉ ஆகிய மூன்றும் இயல்பில் அடங்கும். இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி ஆகிய மூன்றும் தகுதியில் அடங்கும்.

அவையில் சொல்லக்கூடாததை மறைத்துச் சொல்வது இடக்கரடக்கல். அமங்கலமானதை மங்கலமாக மாற்றிச் சொல்வது மங்கலம். செத்தாரைத் துஞ்சினார் என்பதும், சுடுகாட்டை நன்காடு என்பதும் இவ்வகை. ஒரு கூட்டத்தார் ஏதோ ஒரு காரணத்தால், ஒரு பொருளுக்கு ஊரார் வழங்கும் சொல்லை விட்டுவிட்டுத் தமக்குள் வேறொரு சொல்லால் வழங்குவது குழூஉக்குறி.

இங்கேதான் வாசக அன்பர்கள் சற்று நிற்க வேண்டும். இன்று நாம் கொச்சை, பாஷை, லோக்கல் என்றெல்லாம் முகம் சுளித்துச் சொல்லுகிறோமே, அந்த வகைப் பேச்சுக்கு மிக நெருங்கியது இந்தக் குழூஉக்குறி. அதை முனிவர் வழுவில் சேர்க்கவில்லை. தகுதியில் சேர்த்தார். சுடுகாட்டை நன்காடு என்று சொல்லும் நாகரிகத்துக்குப் பக்கத்திலேயே, பொற்கொல்லர் பட்டறைப் பேச்சுக்கும் ஒரு பலகை போட்டு உட்கார வைத்தார். எழுநூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்தப் பலகையில் உட்கார நாம்தான் கூசுகிறோம். இதுவே இக்கட்டுரையின் கருத்து.

உரையாசிரியர்கள் மேல் ஒரு குறை

குழூஉக்குறிக்கு உரைகள் காட்டும் உதாரணங்களைத் தமிழ் படித்த எல்லாருக்கும் தெரியும். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பர். யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பர். வேடர் கள்ளைச் 'சொல்விளம்பி' என்பர். நாணயம் சோதிக்கும் வண்ணக்கர் காணத்தை 'நீலம்' என்பர் என்பதும் பழைய உரைகளில் உண்டு. எல்லாம் நல்ல உதாரணங்கள்தாம். அதிலும் கள்ளுக்குச் சொல்விளம்பி என்ற பெயர் வைத்தவன் பெரிய ரசிகன். உள்ளே போனதும் உள்ளதையெல்லாம் பேச வைப்பது என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டான்.

என் குறை வேறு. அந்த உரைகாரர்கள் தம் காலத்துப் பட்டறையிலும் யானைக் கொட்டாரத்திலும் காது கொடுத்துக் கேட்டிருக்கிறார்கள் என்று தெரிகிறது. அவர்களுக்குப் பின் வந்தவர்கள் அந்தக் காதை மூடிக்கொண்டு உதாரணத்தை மட்டும் பிரதி எடுத்தார்கள். இன்றைய பள்ளிப் பாடப் புத்தகத்திலும் அதே பறி, அதே காரை. எனக்குத் தெரிந்த பொற்கொல்லர் யாரும் பொன்னைப் பறி என்று சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் அவர்களுக்குள் இன்றும் வேறு சொற்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. அதைக் கேட்டு எழுத ஆளில்லை. உயிருள்ள ஒரு பகுதியைப் பாடம் செய்து கண்ணாடிப் பெட்டியில் வைத்துவிட்டோம். அதனால் பிள்ளைகளும் குழூஉக்குறி என்பது ஏதோ பழங்கால யானைப்பாகன் சமாசாரம் என்று நினைத்துக்கொண்டு, பரீட்சையில் இரண்டு மார்க் வாங்கிப் போய்விடுகின்றன.

இன்னொரு குறையும் உண்டு. 'ஏதோ ஒரு காரணத்தால்' என்று சொன்னார்களே தவிர, என்ன காரணம் என்று உரையாசிரியர்கள் விரித்துரைக்கவில்லை. அதைக் கடைத்தெருவில் நின்று பார்த்தால் தெரிந்துகொள்ளலாம்.

கடைத்தெரு இலக்கணம்

காலையில் முதல் வியாபாரத்தை நம் ஊரில் 'போணி' என்கிறோம். சாந்தினி சௌக்கிலும் சதர் பஜாரிலும் அதையேதான் 'போஹ்னி' என்கிறார்கள். போணி பண்ண வந்தவரை வெறுங்கையோடு அனுப்பக்கூடாது என்ற நம்பிக்கையும் இரண்டு இடத்திலும் ஒன்றே. நான் தில்லிக்கு வந்த புதிதில் இந்தி எனக்குச் சுத்தமாகத் தெரியாது. முதன்முதலில் காதில் விழுந்து புரிந்த சொல் இதுதான். அன்றைக்கு அந்த ஒரு சொல் தந்த தைரியம் கொஞ்சமல்ல.

இரவு கடையை மூடும்போது தில்லிப் பழைய வியாபாரி 'துகான் பந்த் கர்னா' என்று சொல்ல மாட்டார். 'துகான் படானா' என்பார். அதாவது கடையைப் பெருக்குவது, வளர்ப்பது. மூடுவது என்ற சொல் வாயில் வந்தால் வியாபாரமே மூடிப்போகும் என்ற பயம். நம் வீட்டுப் பெண்கள் விளக்கை அணை என்று சொல்லாமல் 'மலையேத்து', 'குளிர வை' என்கிறார்களே, அதே பயம். பவணந்தியாரின் மங்கலம் சாந்தினி சௌக்கில் உருது பேசிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது!

அடுத்து விலைக்குறி. துணிக்கடை, பாத்திரக்கடைகளில் அட்டையில் சில எழுத்துகள் எழுதியிருப்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். ஓர் எழுத்தும் திரும்ப வராத பத்தெழுத்துத் தொடர் ஒன்றைக் கடைக்காரர் வைத்திருப்பார். முதல் எழுத்து ஒன்று, இரண்டாம் எழுத்து இரண்டு, இப்படிப் பத்தாவது சுழி. அசல் விலையை அந்த எழுத்துகளால் எழுதிவிட்டால், வாங்குபவர் எதிரிலேயே பையன் அட்டையைப் படித்துச் சொல்லலாம். எங்கள் கடைத் தொடர் என்ன என்று கேட்காதீர்கள். என் மகன் இன்னும் கடை நடத்துகிறான்.

நம் நாட்டு மாட்டுச் சந்தைகளில் தரகர்கள் துண்டுக்குள் கைவிட்டு விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். பொள்ளாச்சிச் சந்தைக்குப் போனவர்கள் பார்த்திருக்கலாம். அங்கே வாயே பேசுவதில்லை. குழூஉக்குறி விரலுக்கு இறங்கிவிடுகிறது.

ஆக முதற்காரணம் மறைப்பது, இரண்டாவது அஞ்சுவது. இவ்விரண்டும் பிழைப்பின் காரணங்கள். மூன்றாவதாக ஒன்று உண்டு. அது பிழைப்பைவிடப் பெரியது.

தமிழே குழூஉக்குறியான கதை

தில்லி பஸ்ஸில் இரண்டு தமிழர்கள் பக்கத்தில் உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்று நம் எல்லாருக்கும் தெரியும். எதிர் சீட்டுக்காரரின் மீசையிலிருந்து செருப்பு வரை விமரிசனம் நடக்கும். யாருக்கும் புரியாது என்ற தைரியம். பத்து ஸ்டாப் கழித்து அந்த மீசைக்காரர், 'கொஞ்சம் நகந்துக்கிறீங்களா, எறங்கணும்' என்று சுத்தத் தமிழில் சொல்லிவிட்டு இறங்கிப் போவார். இந்த அவமானம் நடக்காத தில்லித் தமிழர் குறைவு. எனக்கு இரண்டு முறை நடந்தது.

சிரிப்புக்காக மட்டும் சொல்லவில்லை. விழுப்புரத்தில் தமிழ் இயல்பு வழக்கு. தில்லியில் நாம் ஒரு சிறு குழு. ஆகவே நம் தமிழ் முழுவதுமே இங்கே குழூஉக்குறியாகிவிட்டது. மறைக்கவும் அதுவே, ஒருவரையொருவர் கண்டுகொள்ளவும் அதுவே. கூட்ட நெரிசலில் 'ஐயோ' என்று ஒரு குரல் கேட்டால் நாம் திரும்பிப் பார்க்கிறோம். அதுதான் மூன்றாவது காரணம். இவன் நம்மவன் என்று காட்டுவது. மறைப்பதற்காகப் பிறந்த சொல்லும் நாளாவட்டத்தில் உறவு சொல்லும் சொல்லாகிவிடும்.

அப்படியானால், தான் சிறுபான்மையாக வாழும் ஊரில் குழூஉக்குறியின் அருமை தெரிந்தவன், தன் இனத்துக்குள் இன்னொரு குழுவின் பேச்சை இழிவாக நினைக்கலாமா?

எது மரபு, எது கொச்சை?

வைணவ அன்பர்கள் ரசத்தைச் சாற்றமுது என்பர். கறியைக் கறியமுது என்பர், பாயசம் கண்ணமுது, சமையல் தளிகை. கேட்கவே இனிமை. இது குழூஉக்குறியா என்றால், ஆம், ஐயமே இல்லை. ஊரார் சொல்லை விட்டு ஒரு குழுவினர் தமக்கென வழங்கும் சொற்கள் இவை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை வெளிவந்தபோது வைணவ வழக்கு, சமண வழக்கு என்று குறிப்பிட்டே பல சொற்களைச் சேர்த்துக்கொண்டது. நல்ல காரியம். இவற்றை நாம் மரபு என்கிறோம்.

வட சென்னைக்காரர் காலை உணவை 'நாஸ்தா' என்றால் அது மட்டும் என்ன? மெட்ராஸ் பாஷை என்கிறோம். சினிமாவில் ரவுடிக்கும் ரிக்‌ஷாக்காரருக்கும் கொடுக்கிறோம். ஆனால் தில்லியில் குடியிருக்கும் நமக்கு ஒரு வேடிக்கை தெரியும். நாஷ்தா என்பது இங்கே கனவான்கள் வீட்டுச் சொல். 'பேஜார்' என்று சொன்னால் நம்மவர் சிரிப்பார்கள்; பேஸார் என்னும் பாரசீகச் சொல்லோ இங்கே உருதுக் கவிதையில் வருவது. 'கலீஜ்' கலீஸ் என்னும் அரபுச் சொல். 'பேமானி' நேர்மையற்றவன் என்று பொருள்படும் பேஈமான். 'உஷார்' ஹோஷியார். 'கஸ்மாலம்' என்று திட்டினால் முகம் சுளிக்கிறோமே, அந்தக் கச்மலம் கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் கண்ணன் அர்ச்சுனனைப் பார்த்துச் சொல்லும் வடசொல். 'துட்டு' டச்சுக்காரர்களின் செப்புக் காசுப் பெயர்.

இன்னும் ஒன்று. 'ஜல்சா' என்றால் சென்னையில் கேளிக்கை. தில்லி உருதுவில் ஜல்ஸா என்றால் பொதுக்கூட்டம், ஆண்டு விழா. அந்தக் கணக்கில், மலர் வெளியிட்டு நாம் நடத்தும் விழாவும் ஒரு ஜல்ஸாதான்!

ஆக, தாழ்வு சொல்லில் இல்லை. சொன்ன வாயில் இருப்பதாக நாம் நினைக்கிறோம். அதே சொல் நவாபு வாயிலிருந்து வந்தால் நாகரிகம். மீன்கூடைக்காரி வாயிலிருந்து வந்தால் கொச்சை. இது இலக்கணத் தீர்ப்பு அல்ல, சாதியும் காசும் எழுதிய தீர்ப்பு.

அப்படியானால் எல்லாச் சொல்லும் நல்ல சொல்லா என்று கேட்பீர்கள். இல்லை. கர்னல் ஸ்லீமன் 1836-இல் கல்கத்தாவில் வெளியிட்ட நூல் ஒன்று உண்டு. தக்கர்கள் என்னும் வழிப்பறிக் கொலைகாரர்களின் மறைமொழியை அகராதியாகவே தொகுத்தது அது. அதுவும் குழூஉக்குறியே. ஒரு சாதியைப் பழிக்கவும் பெண்ணை இழித்துரைக்கவும் குழுவுக்குள் வழங்கும் சொற்களும் குழூஉக்குறியே. அவற்றை நான் தாங்கிப் பேசவில்லை. பொய்யாமையும் கள்ளாமையும் எங்கள் சமயத்தில் இல்லறத்தானுக்கும் உரிய விரதங்கள். விலையை எழுத்தில் எழுதுவது மறைப்பு. அந்த மறைவில் நின்று ஏழையிடம் கூடுதலாகப் பிடுங்கினால் அது களவு. குற்றம் செயலைச் சேர்ந்தது. சொல்லைத் தூக்கிலிடுவதால் செயல் திருந்தாது.

என் கூச்சம்

இவ்வளவு பேசுகிறவன் தன் கதையையும் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்ப் பக்கத்துப் பேச்சு வட தமிழகப் பேச்சு. 'இன்னா', 'எத்தினி', 'வந்துகினு', 'இட்டுகினு', 'குந்து' என்றுதான் நானும் பேசி வளர்ந்தேன். சென்னைப் பேச்சின் அடிப்படையும் இதுவே. தில்லிக்கு வந்த இரண்டாம் வருஷம், ஒரு தமிழ் விழாவில், என்னிடம் ஏதோ கேட்ட பெரியவருக்கு 'இன்னாங்கய்யா?' என்று பதில் சொல்லிவிட்டேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். 'ரிக்‌ஷா எங்கே நிறுத்தியிருக்கீங்க?' என்று ஒருவர் கேட்டார். அன்று இரவு தூக்கமில்லை. மறுநாளிலிருந்து 'என்ன' என்று சொல்லப் பழகினேன். இருபது வருஷத்தில் என் ஊர் என் வாயிலிருந்து முழுசாகப் போய்விட்டது.

என் கடை போகலில். பக்கத்தில் ஜங்புரா, பாராபுல்லா வாய்க்கால் ஓரம் மதராசி கேம்ப் என்ற தமிழர் குடியிருப்பு இருந்தது. வீட்டு வேலையும் கூலி வேலையும் செய்து பிழைத்த நம் ஜனங்கள் பல தலைமுறையாக அங்கே வாழ்ந்தார்கள். ஒரு நாள் அங்கிருந்து ஒரு அம்மா இட்லிப் பானை வாங்க வந்தார். நானும் மகனும் வழக்கம்போல் எழுத்தில் விலை பேசிக்கொண்டோம். அவர் சிரித்துக்கொண்டே, 'நைனாரே, நீங்க எழுத்துல பேசினா எங்களுக்குத் தெரியாதுன்னு நெனச்சிக்கினீங்களா? எத்தினி வருசமா இந்தக் கடைக்கு வந்துகினு கீறேன்' என்றார்.

நான் திகைத்தது விலை தெரிந்துபோனதற்காக அல்ல. நைனார் என்பது எங்கள் பக்கத்துக் கிராமங்களில் மற்றவர்கள் எங்களை மரியாதையாக விளிக்கும் சொல். தில்லியில் நான் அக்கம்பக்கத்தாருக்கு மதராசி லாலா. தமிழ் நண்பர்களுக்கு ஜெயின் சார். சேட்டு என்று நினைத்து இந்தியில் பேசியவர்களும் உண்டு. என் அப்பா போன பிறகு யாரும் என்னை அப்படி விளித்ததில்லை. 'எந்த ஊரும்மா?' என்றேன். செஞ்சிப் பக்கம் என்றார். 'எப்படி நைனார்னு தெரிஞ்சுது?' என்றேன். 'கல்லாவுல மாட்டி வெச்சிருக்கீங்களே சாமி படம், எங்க ஊருல நைனாருங்க வூட்ல இதான் இருக்கும்' என்றார். அன்று முழுவதும், அவரோடு பேசும்போது மட்டும், என் வாயில் 'இன்னா' தானாக வந்தது. பானையை அசல் விலைக்கே கொடுத்தேன். நஷ்டம் எனக்கில்லை.

இலக்கணத்தில் தகுதி என்றால் என்ன என்று எனக்கு அன்று விளங்கியது. இந்த இடத்தில், இந்த ஆளோடு, இந்தச் சொல்தான் தக்கது என்பதே தகுதி. மேல் கீழ் என்று அடுக்குவது அல்ல.

2025 ஜூன் 1-ஆம் தேதி மதராசி கேம்ப் இடிக்கப்பட்டது. வாய்க்காலைத் தூர் வார வேண்டும் என்ற தில்லி உயர்நீதிமன்ற உத்தரவின்படி நடந்த காரியம் அது. சுமார் 370 வீடுகள். மாற்று வீடு கிடைத்தவர்களுக்கு அது கிடைத்த இடம் நகரின் வடகோடியில் உள்ள நரேலா. எல்லாக் குடும்பங்களும் தகுதிப் பட்டியலில் இடம்பெறவில்லை. அங்கேயும் அதே சொல், தகுதி! அந்த அம்மா எங்கே போனார் என்று தெரியவில்லை. வீடு போனதைப் பத்திரிகைகள் எழுதின. ஆனால் ஒரு குழு கலைந்தால் அதன் குறியும் கலையும். செஞ்சித் தமிழும் ஜங்புரா இந்தியும் கலந்து, பல தலைமுறையாக அந்தச் சந்துகளில் விளைந்த ஒரு பேச்சு. அதைக் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வைத்தவர் நம்மில் யாரும் இருப்பதாக நான் அறியேன். முப்பது வருஷத்துக்கு மேல் பக்கத்திலேயே கடை வைத்திருந்த நானும் எழுதவில்லை. உரையாசிரியர்கள் மேல் சொன்ன குறையை முதலில் என் மேல்தான் சொல்லிக்கொள்ள வேண்டும்.

முடிவாக

கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரச் சொற்களுக்கு அகராதி தொகுத்தார். பெருமாள்முருகன் 2000-இல் கொங்கு வட்டாரச் சொல்லகராதி வெளியிட்டார். வெளிமாநிலத் தமிழருக்கும் அப்படி ஒன்று வேண்டும். பெரிய திட்டமாக வேண்டாம். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். பாட்டி மட்டும் சொல்லும் சொல், தாத்தா ஆபீஸ் சிநேகிதர்களோடு பேசும் சொல், பேரன் யமுனைப் பாலத்துக்கு இந்தப் பக்கம் கற்றுக்கொண்டு வந்த இந்தித் தமிழ், வேலைக்கு வரும் அம்மாவின் சொல், எல்லாவற்றையும் யார் சொன்னார், எப்போது சொன்னார் என்ற குறிப்போடு எழுதுங்கள். பிள்ளைகளின் 'சலோ, போலாம்' கூட வரட்டும். பழையன போவதும் புதியன வருவதும் குற்றமல்ல என்று பவணந்தியாரே சொல்லிவிட்டார்.

என் நோட்டில் முதல் பக்கத்தில் இரண்டு சொற்கள் எழுதியிருக்கிறேன். ஒன்று 'நைனாரே'. இன்னொன்று 'இன்னா'. உங்கள் முதல் பக்கத்தில் என்ன இருக்கும் என்று அறிய ஆவலாக இருக்கிறேன்.